சாணில மக்காச்சோளம் முழுசா வருது, அவசரம்

கறவைக்காரன்: சாணில மக்காச்சோளம் மஞ்சமஞ்சளா அப்படியே வருது, பாலும் 3 லிட்டர் கொறஞ்சிருச்சு. தீவன மூட்டைல புரோட்டீன் 20%ன்னு போட்டிருக்கான், அப்பறம் ஏன் செரிக்கல? தீவனத்த மாத்திரட்டுமா?

மேட்டுத்தோட்டம்: என்ன மாடுங்க, கன்னு போட்டு எத்தன மாசம், எத்தன கிலோ வெக்கறீங்க, மக்காவ அரைச்சா முழுசாவா? ஒண்ணுமே சொல்லாம மாத்தவான்னா எப்படி.

தொழுவம்77: யோசிக்கவே வேண்டாம், மூட்டைத் தீவனம்தான் காரணம். எங்கப்பா பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துனாரு, ஒரு மாடும் இப்படி சாணி போட்டதில்ல.

பழைய கறவை: இத எத்தன தடவதான் சொல்றது. மூட்டைல இருக்கறது கச்சாப் புரதம் தம்பி, நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்குன கணக்கு, யூரியாவ கலந்தாக்கூட அதுல புரோட்டீனாத்தான் தெரியும், எவ்ளோ செரிக்கும்னு அது சொல்லாது. ஒரு கை சாணிய சல்லடைல போட்டு தண்ணி விட்டு அலசுங்க. நிக்கற மக்காவ நசுக்கிப் பாருங்க. வெறும் தோலுன்னா விடுங்க, உள்ள மாவு இருந்தா அரவை சரியில்ல.

கறவைக்காரன்: எச்எஃப் கிராஸ், சீமைக் கலப்பு மாடு, கன்னு போட்டு 2 மாசம் ஆச்சு. மூட்டைத் தீவனம் 5 கிலோ, மில்லுல ஒடைச்ச மக்கா 2 கிலோ. நசுக்குனா மாவு வருது.

மேட்டுத்தோட்டம்: புல்லு?

கறவைக்காரன்: கோ 4, கம்பு நேப்பியர் புல்லு. ஆளு கெடைக்கல, போன அறுப்பு முடிஞ்சு 80 நாளாச்சு

மேட்டுத்தோட்டம்: அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல! மறுதாம்பு, அதான் அறுத்த அடில திரும்பத் துளுக்கறது, 45 நாள்ல அறுக்கணும், விட்டா தண்டு கட்டையாயி புரோட்டீனும் எறங்கிரும், செரிக்கறதும் கொறஞ்சிரும்.

பச்சைக்குளம்: தண்ணில மெதந்து வளர்ற அசோலா செடி போடுங்க, தீவனச் செலவே பாதியாயிரும்.

பழைய கறவை: அசோலால முக்காலே மூணுவீசம் தண்ணி. அத வெச்சு எச்எஃப் மாட்டுக்கு பசியாத்துவீங்களாக்கும்.

பச்சைக்குளம்: காஞ்ச எடைக்கு புரோட்டீன் 20%க்கு மேல இருக்கு சார், தெரியாம பேசாதீங்க

பழைய கறவை: காய வெச்சுட்டு மிச்சம் எவ்ளோ நிக்குதுன்னு தராசுல போட்டுட்டு வாங்க, பேசலாம்.

தொழுவம்77: நாட்டு மாடா இருந்தா இந்தப் பேச்சே இல்ல.

மேட்டுத்தோட்டம்: அவங்கள விடுங்க. தீவனத்து மேல சந்தேகம்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில தீவனம் பாக்கற லேப் இருக்கு. மேலாப்புல அள்ளாம நாலஞ்சு மூட்டைல அடி, நடுன்னு எடுத்துக் கலந்து குடுங்க. மக்காவ ரவைப் பதத்துக்கு அரைங்க, நைஸா போனா வயிறு புளிச்சிரும்.

கறவைக்காரன்: மில்லுல சல்லடை கிழிஞ்சிருந்துச்சு. வேற எடத்துல அரைச்சேன், சாணில மக்கா இல்ல. பால் 1 லிட்டர் ஏறிருக்கு. நன்றி.

மேட்டுத்தோட்டம்: மிச்சம் 2 லிட்டரு? புல்ல அறுத்தீங்களா?

பச்சைக்குளம்: தராசுல போட்டுட்டேன் சார். ஒரு கிலோவுக்கு 60 கிராம் நின்னுது.