உதவி: நைரோபியிலேருந்து அண்ணன் அனுப்பிய யூஎஸ்டிடி என் வாலட்ல காட்டல

செக்காலை_சின்னவன்
வணக்கம், காரைக்குடியிலேருந்து எழுதுறேன். அண்ணன் நைரோபியில ஒரு ஹார்டுவேர் கடையில கணக்குப் பார்க்குறார். சம்பளம் எம்-பெசாவுலதான் (அங்க போன்லயே பணம் அனுப்பி வாங்குற சேவை) விழும். போன வருஷத்துலேருந்து நாங்க பண்றது இதுதான்: அவர் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுல பி-டூ-பி வழியா (ஆளுக்கு ஆள் நேரா வாங்கி விக்கிறது) எம்-பெசா கொடுத்து யூஎஸ்டிடி (டாலர் மதிப்புல ஓடுற கிரிப்டோ) வாங்கி என் வாலட்டுக்கு அனுப்புவார். நான் இங்க பி-டூ-பி-யில வித்து யூபிஐ-ல ரூபாயா எடுத்துக்குவேன்.

நேத்துக் காலையில 40,000 ஷில்லிங்குக்கு வாங்கி 306 யூஎஸ்டிடி அனுப்பினார். அவர் பக்கம் 'முடிந்தது'ன்னு காட்டுது. என் பக்கம் பூஜ்யம். 30 மணி நேரம் ஆச்சு. முகவரியை எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பார்த்துட்டோம், சரியாத்தான் இருக்கு. வீட்டு மேல்தளம் ஒழுகுது, சனிக்கிழமை கொத்தனாருக்குக் கூலி கொடுக்கணும். "காசு ஆகாசத்துலயே நின்னுபோச்சா?"ன்னு ஆத்தா வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க.

கானாடுகாத்தான்_கணினி
தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க. உங்க முகவரி 0எக்ஸ்-ல ஆரம்பிக்குதா, டி எழுத்துல ஆரம்பிக்குதா? வாலட் உங்க போன்லயே இருக்கிறதா, இல்ல எக்ஸ்சேஞ்சோட கணக்கா? அண்ணன் அனுப்பும்போது காசு போற வழியா எந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தார்?

செக்காலை_சின்னவன்
0எக்ஸ். போன்ல இருக்கிற சொந்த வாலட், அதைத் திறக்கிற 12 ரகசியச் சொல்லும் என்கிட்டதான் இருக்கு. இதுவரைக்கும் எத்தேரியம் நெட்வொர்க்லதான் வந்துச்சு. இந்தத் தடவை "கட்டணம் கம்மியா இருந்ததை அமுக்கினேன்"னு அண்ணன் சொல்றார்.

கானாடுகாத்தான்_கணினி
அப்ப பயப்படாதீங்க. அந்தக் 'கம்மியா இருந்தது' பிஇபி-20, அதாவது பிஎன்பி செயினா இருக்கும். எத்தேரியத்துக்கும் அதுக்கும் முகவரி ஒரே மாதிரிதான், அதனால எக்ஸ்சேஞ்ச் தடுக்காம அனுப்பிடும். டிஆர்சி-20, அதாவது ட்ரான் நெட்வொர்க் முகவரி டி-ல ஆரம்பிக்கும், அங்க இந்தக் குழப்பம் வராது. உங்க காசு உங்க முகவரிக்குத்தான் வந்திருக்கு. நீங்க பக்கத்துத் தெருவுல தேடிக்கிட்டு இருக்கீங்க.

அண்ணன்கிட்ட பரிவர்த்தனை ஹாஷ் (அந்த அனுப்புதலோட அடையாளக் குறி) வாங்கி, பிஎன்பி செயின் கணக்கைக் காட்டுற பிஎஸ்சி-ஸ்கேன் தளத்துல போட்டுப் பாருங்க. பெறுநர் இடத்துல உங்க முகவரி தெரிஞ்சா, வாலட்ல பிஎன்பி ஸ்மார்ட் செயின் நெட்வொர்க்கைச் சேருங்க, செயின் எண் 56. யூஎஸ்டிடி டோக்கனைச் சேர்க்கும்போது மட்டும் கவனம், அதே பேர்ல போலி டோக்கன் நிறைய உண்டு. காசை அங்கேருந்து நகர்த்தக் கட்டணமா கொஞ்சம் பிஎன்பி (அந்தச் செயினோட சொந்த நாணயம்) வேணும். பத்து ரூபா மதிப்புகூட ஆகாது, ஆனா அது இல்லாம ஒரு யூஎஸ்டிடி நகராது.

இதே எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குப் போயிருந்தா கதை வேற. சாவி அவங்ககிட்ட இருக்கும், அவங்க மனசு வெச்சாத்தான் உண்டு.

செக்காலை_சின்னவன்
ஸ்கேன்ல தெரியுது அண்ணே!! 306 அப்படியே இருக்கு. இதுக்கிடையில "வாலட் சப்போர்ட்"னு ஒருத்தர் தனிச்செய்தியில வந்து, சரிபார்க்க அந்த 12 சொல்லைத் தட்டச்சு பண்ணச் சொல்றார். கொடுக்கலாமா?

கானாடுகாத்தான்_கணினி
கொடுத்தீங்கன்னா இப்பக் கண்ணுல பட்ட 306-ம் போயிரும். பிளாக் பண்ணுங்க. உங்க அண்ணனே கேட்டாலும் கொடுக்காதீங்க.

தேவகோட்டை_ஆடிட்டர்
காசு கிடைச்சது சந்தோஷம். ஆனா எனக்கு விக்கிற இடம்தான் உறுத்துது. யூபிஐ-ல பணம் போடுறவங்க பேரும், எக்ஸ்சேஞ்சுல கேஒய்சி ஆன பேரும் ஒண்ணான்னு ஒவ்வொரு தடவையும் பார்க்குறீங்களா?

செக்காலை_சின்னவன்
ஆச்சி, அதைக் கேக்காம விட்டிருந்தா நானா சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வித்தப்ப வேற பேர்லேருந்து வந்துச்சு. "மச்சான் கணக்கு"ன்னார், நானும் ரிலீஸ் பண்ணிட்டேன். போன வாரம் வங்கிக் கணக்குல 18,400 ரூபாய்க்கு லியன் (எடுக்க முடியாதபடி பூட்டு) போட்டிருக்காங்க. வேற மாநில சைபர் போலீஸ் சொன்னதுன்னு கிளையில ஒரு வரிதான் சொன்னாங்க. வீட்ல இன்னும் சொல்லல.

தேவகோட்டை_ஆடிட்டர்
நினைச்சேன். யாரையோ ஏமாத்தின பணத்தை உங்க கணக்குல தள்ளிட்டு, சுத்தமான யூஎஸ்டிடி-யை வாங்கிட்டுப் போயிட்டாங்க. பறிகொடுத்தவர் 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அடிச்சதும் பணம் போன தடம் முழுக்கப் பூட்டு விழும். அதுல நீங்க ரெண்டாவது மூணாவது படியில இருப்பீங்க.

கிளையில வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்துல கேளுங்க: புகார் எண், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியோட மின்னஞ்சல். அவருக்கு நீங்களே எழுதுங்க. பி-டூ-பி ஆர்டர் எண், அதுல நடந்த உரையாடல், ஹாஷ், அண்ணனுக்கு வந்த எம்-பெசா குறுஞ்செய்தி (அதுல 10 எழுத்துக் குறியீடு இருக்கும்), அண்ணன் தம்பின்னு காட்ட ஒரு சான்று. இத்தனையும் ஒரே கோப்பா போகணும். பதில் வரலேன்னா வக்கீல் வெச்சு நீதிமன்றத்துல மனு. "லியனை எடுத்துத் தர்றேன், 20 சதவீதம் கொடுங்க"ன்னு வர்றவங்ககிட்ட மாட்டாதீங்க.

வரியும் இருக்கு. அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது உறவு வழி அன்பளிப்பு, அதுக்கு வரி இல்லை. வித்ததுல லாபம் வந்தா 30 சதவீதம், 2022 ஏப்ரல் 1-லேருந்து. ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்க விட மாட்டாங்க. 1 சதவீத டிடிஎஸ் அதே வருஷம் ஜூலையிலேருந்து. ரிட்டர்ன்ல காட்டியிருக்கீங்களா? பதில் வேண்டாம், காட்டிருங்க.

பள்ளத்தூர்_பெரியவர்
எங்க ஐயா ரங்கூன்ல ஒரு மார்க்காவுல (செட்டியார் வட்டிக்கடை) பெட்டியடி ஊழியர். அங்க எழுதின உண்டியலை (இன்னாருக்குக் காசு கொடுங்கன்னு எழுதின சீட்டு) இங்க ஊர்ல கொண்டுவந்து நீட்டினா காசு. எழுதினவர் யாரு, கொடுக்கிறவர் யாரு, அவங்க எந்தக் கோயில் பங்காளி வரைக்கும் ரெண்டு பக்கமும் தெரியும். உங்க ஏற்பாட்டுல நைரோபியிலேருந்து செக்காலை வரைக்கும் எல்லாம் கணக்காத்தான் வருது. கடைசியில காசை எண்ணிக் கொடுக்கிறவன் முகம் மட்டும் தெரியல.

செக்காலை_சின்னவன்
ஐயா, அப்ப உண்டியல்லயே அனுப்பச் சொல்லவா? அங்க ஆள் இருக்குன்னு அண்ணன் சொன்னார்.

பள்ளத்தூர்_பெரியவர்
நான் சொன்னது அந்தக் காலம் அப்பச்சி. இன்னைக்கு அது சட்ட விரோதம். ஒரு பூட்டு போதாதுன்னு இன்னொண்ணு வாங்காதீங்க.

ஹராரே_ரிட்டர்ன்
எதுக்கு இந்தச் சுத்துன்னே புரியல. எம்-பெசா மெனுவுலயே எம்-பெசா குளோபல்னு இருக்கு, வெஸ்டர்ன் யூனியன் வழியா வெளிநாட்டுக்குப் போகும். இந்தியா பக்கம் எவ்வளவு கட்டணம்னு அண்ணனை அங்கயே பார்க்கச் சொல்லுங்க. அந்த மாதிரி சேவையில ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரைக்கும், வருஷத்துக்கு 30 தடவை வாங்கலாம், ரொக்கமா எடுத்தா 50,000 ரூபாய் வரைக்கும். உங்க 40,000 ஷில்லிங்குக்கு இது தாராளம். (பெசான்னா நம்ம பைசாதான், சுவாஹிலிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கு.)

செக்காலை_சின்னவன்
மறுநாள் நிலவரம்: நெட்வொர்க்கைச் சேர்த்தேன், 306 வாலட்ல தெரியுது. விக்கல, அப்படியே கிடக்கட்டும். கிளையில எழுதிக் கொடுத்து புகார் எண் வாங்கிட்டேன், அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டாச்சு. அண்ணன் மெனுவைப் பார்த்துட்டார், இந்தியா இருக்கு. கட்டணம் கொஞ்சம் கூடத்தான். ஆனா பி-டூ-பி-யில விலை வித்தியாசத்துலயே நாங்க விட்டது அதுக்குக் குறைச்சல் இல்லைன்னு இப்பத்தான் கணக்குப் போட்டார்.

லியன் விஷயத்தை ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. உள்ள போயி சீட்டுப் பணத்தை எடுத்துட்டு வந்து கொத்தனார்கிட்ட அவங்களே கொடுத்துட்டாங்க.