பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலைப் பதற்றமின்றி நிரப்புவது எப்படி?

அருப்புக்கோட்டை அம்மா:
வணக்கம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 86 மதிப்பெண் பெற்றிருக்கிறான். கணிதத்தை நூற்றுக்கும், மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்துக் கூட்டினால் அவனுடைய கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 177 வருகிறது. இரண்டாம் சுற்றில் அழைப்பு இருக்கும் என்று நினைக்கிறோம். அவனுக்கு ஈசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) படிக்க ஆசை. என் தம்பியோ, கணினி அறிவியல் தவிர வேறு எதை எடுத்தாலும் வேலை கிடைக்காது என்கிறார். எட்டாத கல்லூரிகளை மேலே போட்டால் கீழே இருப்பதும் கைநழுவிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பையன் பட்டியலை நாளுக்கு நான்கு முறை மாற்றி எழுதுகிறான். சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
அம்மா, பக்கத்து வீட்டார் சொன்னது தவறு. பல குடும்பங்களின் பதற்றத்துக்கு வேரே இந்தத் தவறான எண்ணம்தான். தரவரிசைப்படி உங்கள் மகனின் முறை வரும்போது, கணினி அவனுடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்த நேரத்தில் காலியாக உள்ள முதல் இடத்தை அவனுக்கு ஒதுக்குகிறது. மேலே உள்ள பத்தும் நிரம்பியிருந்தால் பதினொன்றாவதைப் பார்க்கும். அந்தப் பத்தை எழுதியதற்காக எந்தத் தண்டனையும் கிடையாது. மாறாக, "இதுதான் கிடைக்கும்" என்று கணக்குப் போட்டு ஒரு சுமாரான கல்லூரியை முதலில் வைத்துவிட்டால், அதைவிட நல்ல இடம் காலியாக இருந்தாலும் கணினி அதுவரை போகாது. ஆகவே வரிசை ஆசையைப் பொறுத்தது, கட்-ஆஃபைப் பொறுத்ததன்று.

அப்படியானால் சென்ற ஆண்டுகளின் கட்-ஆஃப், அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண், எதற்கு என்று கேட்பீர்கள். பட்டியலை எவ்வளவு கீழே வரை நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அதிலும் பொதுப்பிரிவு எண்ணை மட்டும் பார்த்து மனம் உடைய வேண்டாம். உங்கள் சமூகப் பிரிவுக்கு உரிய எண்ணையும் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு.

2018-க்கு முன்பு பெட்டியும் படுக்கையுமாகச் சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் இடங்கள் குறையக் குறைய நெஞ்சு படபடக்கச் சில நிமிடங்களில் முடிவெடுத்தோம். இப்போது வீட்டிலிருந்தே நிரப்பச் சில நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களை உறவினர்களின் தொலைபேசிக்கு ஒப்படைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்:
உங்கள் தம்பியின் பயத்தைப் பற்றி ஒரு சொல். நான் படிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பைத்தான் நிரலாக்கம் முதல் பருவத்திலேயே எல்லாப் பிரிவினருக்கும் பொதுப் பாடம். மெக்கானிக்கல் படிக்கும் நானும் அதை எழுதித்தான் தேறினேன். ஆகவே ஈசிஇ எடுத்தால் உங்கள் மகனுக்கும் கணினிக்கும் உறவு அறுந்துவிடாது. பிரிவின் பெயரை மட்டும் பார்க்காமல், பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தைத் திறந்து மூன்றாம், நான்காம் பருவப் பாடங்களின் பெயர்களை உங்கள் மகனையே படிக்கச் சொல்லுங்கள். சிக்னல், மின்சுற்று என்று வாசிக்கும்போது ஆர்வம் வருகிறதா, சலிப்பு வருகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் அதைச் செய்யாமல் நண்பர்களைப் பார்த்துச் சேர்ந்தவன். இரண்டாம் ஆண்டில்தான் பாடத்தோடு ஒட்டுதல் வந்தது.

கல்லூரிகளில் இரண்டை மட்டுமாவது நேரில் பாருங்கள். பேருந்துக் கட்டணம், விடுதிச் செலவு, ஆய்வகத்தின் நிலை ஆகியவை விளம்பரப் பலகையில் தெரிவதில்லை.

சேர்க்கை உதவி மையத் தன்னார்வலர்:
நான் கண்ட அழுகைகளில் பெரும்பாலானவை தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு நிகழ்ந்தவை. ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் அந்த இடம் போய்விடும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுள் ஒன்று காலியானால் மாறிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தால், மேலே உள்ளது கிடைத்தவுடன் பழைய இடம் உங்களுடையதாக இராது. எனவே உண்மையாகவே அதிகம் விரும்புவதை மட்டும் மேலே வையுங்கள். கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த இடத்தை எங்குமே எழுதாதீர்கள்.

கணினி மையத்தில் நிரப்பினால் கடவுச்சொல்லை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் பட்டியலை, "உதவி" செய்வதாகச் சொன்ன ஒருவர் தமக்கு வேண்டிய கல்லூரியை முதலில் வைத்து, பட்டியலை இறுதி செய்து பூட்டிவிட்டார்.

அருப்புக்கோட்டை அம்மா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு ஈசிஇ, அடுத்து இஇஇ (மின், மின்னணுவியல்) என்று அவனே வரிசையைச் சொல்லிவிட்டான். 38 இடங்கள் இருந்த பட்டியலை 11 ஆகக் குறைத்துவிட்டோம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
குறைத்தது மட்டும் வேண்டாம் அம்மா. எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் எழுத இடமுண்டு; பதினொன்றும் நிரம்பிவிட்டால் இந்தச் சுற்றில் வெறுங்கைதான். மேலே உள்ள வரிசை அப்படியே இருக்கட்டும். நீக்கியவற்றுள் அவன் மனமொப்பிச் சேரக்கூடியவற்றைக் கீழே மீண்டும் சேர்த்து, ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.