1000 பேர் குழுவில் ஒருவர் விலகினால் எல்லாருக்கும் சாவி மாற்றணுமா?

மல்டிகாஸ்ட்_மணி:
ஒரு சர்வரிலிருந்து சுமார் 1000 பேருக்கு மல்டிகாஸ்டில் (ஒரே பாக்கெட்டை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் முறை) ஆடியோ போகிறது, அதைப் பூட்டித் திறக்க எல்லாருக்கும் ஒரே குழுச் சாவி, அதாவது ஒரு ரகசிய எண். யாராவது விலகினால் அவர் அதற்குமேல் கேட்கக்கூடாது, அதனால் புதுச் சாவி உருவாக்கி, மீதி இருக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் தனிச் சாவியில் என்க்ரிப்ட் செய்து அனுப்புகிறேன். சாயங்காலம் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பதால் சர்வர் இதே வேலையாகக் கிடக்கிறது. வேறு வழி உண்டா?

பழையரவுட்டர்:
சாவிகளை மர வடிவில் அடுக்குங்கள். ஆர்எஃப்சி 2627 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் 1999-லேயே இருக்கிறது. இலையில் அவரவர் தனிச் சாவி, உச்சியில் குழுச் சாவி, நடுவில் இருப்பவை அந்தந்தக் கிளைக்காரர்களுக்குப் பொது. 1024 பேருக்கு இரட்டைக் கிளை மரம் என்றால் ஒவ்வொருவர் கையிலும் 11 சாவி. ஒருவர் போனால் அவருக்குத் தெரிந்த 10 பொதுச் சாவிகளை மட்டும் மாற்றினால் போதும், ஒவ்வொன்றையும் அதற்குக் கீழே உள்ள கிளைகளின் சாவியில் பூட்டி அனுப்ப வேண்டும். மொத்தம் 19 என்க்ரிப்ஷன். நீங்கள் இப்போது செய்வது 1023.

மல்டிகாஸ்ட்_மணி:
அட! சரி, புதிதாக ஒருவர் சேர்ந்தால்?

பழையரவுட்டர்:
அது இன்னும் சுலபம். பழைய ஆட்கள் அவரவர் இடத்திலேயே குழுச் சாவியை ஹாஷ் (ஒருவழிக் கணக்கு) செய்துகொள்ளட்டும், புது ஆளுக்கு ஹாஷ் செய்ததை மட்டும் கொடுங்கள், அதிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது. அவர் இலையிலிருந்து உச்சி வரையான பாதையில் உள்ள மற்ற பொதுச் சாவிகளுக்கும் இதேதான்.

பாக்கெட்தொலைந்தது:
மரம் எல்லாம் சரி, சாவி மாற்றும் பாக்கெட்டே வழியில் தொலைந்தால்? யுடிபி தானே, பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது. ஒவ்வொரு ஆடியோ பாக்கெட்டிலும் சாவியின் பதிப்பு எண்ணைப் போடுங்கள், எண் பொருந்தாதவர் சர்வரிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்புறம், விலகுகிறவர்களை 30 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்தால் பாதைகள் ஒன்றோடொன்று சேர்வதால் வேலை இன்னும் குறையும். அந்த 30 விநாடி அவர்கள் ஓசியில் கேட்பார்கள், பாட்டு என்றால் பரவாயில்லை, ரகசியப் பேச்சு என்றால் வேண்டாம்.

இலைமுனை:
இந்த முறையில் எல்லாச் சாவியும் சர்வருக்குத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். ஒலிபரப்புக்கு அது போதும், ஆடியோவே உங்கள் சர்வருடையதுதானே. நாளைக்கு உறுப்பினர்கள் தங்களுக்குள் பேச, சர்வரும் கேட்கக்கூடாது என்று வந்தால் 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9420, அதாவது எம்எல்எஸ் என்ற குழுச் செய்திப் பாதுகாப்பு முறை, பாருங்கள். அதிலும் மரம்தான், ஆனால் சாவியை உறுப்பினர்களே மாற்றுகிறார்கள்.