கன்வெர்ட்டரின் வெப்ப உணரியைத் துண்டித்துவிடலாமா?

நண்பர்களே, என் பெட்ரோல் காரில் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனர் காட்டும் குறியீடு பி0544: கழிவுவாயு வெப்ப உணரியின் மின்சுற்றில் கோளாறு. "அது இல்லாமலும் வண்டி ஓடும், இணைப்பைத் துண்டித்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கழிவுவாயுவைச் சுத்திகரிக்கும் பாகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் நச்சு வாயுக்களை ஒழுங்காக மாற்றத் தொடங்கும். சூடு தேவை, ஆனால் அளவு மீறக் கூடாது. ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே பற்றி எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு வீணாகும். முற்றினால் தேன்கூடு போன்ற பீங்கானே உருகிப் புகை வழியை அடைத்துவிடும். அந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்வதுதான் இந்த உணரி. அதன் வாயைக் கட்டிவிட்டு எப்படி நிம்மதியாக ஓட்டுவது?

உணரி கெட்டதா, கம்பி அறுந்ததா என்று மல்ட்டிமீட்டரால் கண்டறிந்தவர்கள் வழி சொல்லுங்கள். உணரி பிளாட்டினம் வகையா, தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் குறைகடத்தி) வகையா என்பதைப் பொறுத்து மின்தடை அளவு மாறும் என்பதால், வகையை அடையாளம் காணும் விதமும் தேவை. துருவேறி இறுகிய உணரியை மரை சிதையாமல் கழற்றிய அனுபவம் உள்ளவர்களும் அவசியம் எழுதுங்கள்.