பிட்யூட்டரி கட்டி: மைக்ரோஸ்கோப்பா, எண்டோஸ்கோப்பா?

மஞ்சக்குப்பம் வாசி, கடலூர்:
என் தாய்மாமனுக்கு 54 வயது. இரு கண்களிலும் ஓரப்பார்வை மங்கியதால் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 22 மி.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவர் எண்டோஸ்கோப் கொண்டு மூக்குவழியாக எடுக்கலாம் என்கிறார். மற்றவரோ, வழி அதுவேயானாலும் மைக்ரோஸ்கோப்பே தமக்குப் பழக்கம் என்கிறார். எது நல்லது?

லாஸ்பேட்டை மருத்துவர்:
இரண்டு முறைகளும் மூக்கின் பின்னுள்ள ஸ்பினாய்டு எலும்பறை வழியாகவே கட்டியை அடைகின்றன. 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் அறுவை மருத்துவர் ஷ்லோஃபர் தொடங்கிய இவ்வழிக்கு, 1960களில் மான்ட்ரியலின் ஜூல் ஹார்டி மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அதில் ஆழம் நன்றாகப் புலப்படும். ஆனால் வெளியிலிருந்து ஸ்பெகுலம் (மூக்கை விரித்துப் பிடிக்கும் கருவி) வழியே பார்ப்பதால், நேரெதிரே இருப்பது மட்டுமே தெரியும். எண்டோஸ்கோப் உள்ளேயே செல்கிறது. 30, 45 பாகை சாய்ந்த லென்சுகளைக் கொண்டு மேலேயும் பக்கவாட்டிலும் ஒளிந்திருக்கும் கட்டியையும் காணலாம், காட்சி பெரும்பாலும் இருபரிமாணம்தான் என்றாலும். இந்த அளவுக் கட்டிக்கு அகன்ற பார்வை பயன்படும் என்பது என் கருத்து. ஆயினும், சுரப்பியின் இருபுறமும் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற இரத்தநாள அறைக்குள் புகுந்து, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோடிட் தமனியைச் சூழ்ந்த பகுதியை முழுமையாக அகற்றுவது எம்முறையிலும் கடினம். மண்டையோட்டைத் திறப்பது இப்போது, மூக்குவழி எட்டாத இடங்களுக்குப் பரவிய சில கட்டிகளுக்கே தேவைப்படுகிறது. இருவரும் ஆண்டுக்கு எத்தனை பிட்யூட்டரி அறுவை செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கருவியைவிட அந்த விடைக்கே நான் எடை தருவேன்.

வில்லியனூரான்:
அதற்கு முன் இரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்தாகிவிட்டதா? புரோலாக்டின் சுரக்கும் கட்டியானால், கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும், கத்தியே வேண்டியிராது.

மஞ்சக்குப்பம் வாசி:
பார்த்தோம் ஐயா. 60 நானோகிராம் என்று வந்துள்ளது.

லாஸ்பேட்டை மருத்துவர்:
இவ்வளவு பெரிய கட்டியே புரோலாக்டினைச் சுரந்திருந்தால் பொதுவாக 200க்கு மேல் காட்டியிருக்கும். சுரப்பியை மூளையோடு இணைக்கும் தண்டு அழுத்தப்படுவதாலேயே இச்சிறு உயர்வு ஏற்பட்டிருக்கலாம். பார்வையும் குறைவதால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். கார்டிசால், தைராய்டு ஹார்மோன் அளவுகளை மட்டும் முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் செவிலியர்:
வீடு திரும்பியபின் அவர் மூக்கைச் சிந்தக்கூடாது. குனியும்போது தண்ணீர்போல் தெளிவாக ஒழுகினால், சளி என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். அது மூளைத்தண்டுவட நீர்க்கசிவாக இருக்கலாம். அடங்காத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் இருந்தாலும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் சோடியம் ஒரு வாரம் கழித்தும் சரியலாம் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனையைக் கடலூரிலேயே செய்து முடிவை மருத்துவருக்கு அனுப்ப முடியுமா என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.