டிரம்ப் போட்ட 50 சதவீத வரி: காசு யார் கையிலிருந்து போகிறது?

வைகைக்கரை | 2025 நவம்பர்

டீக்கடையில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் டிரம்பில் வந்துதான் முடிகிறது. ‘வரியை இந்தியாக்காரன்தான் கட்டுறான்’ என்கிறது ஒரு தரப்பு. ‘அமெரிக்காவில் வாங்குறவன் தலையில்தான் விடியும்’ என்கிறது இன்னொரு தரப்பு. துண்டு, பெட்ஷீட் ஏற்றுமதி தெரிந்தவர்கள், சுங்குடிச் சேலை பார்சல் போடுகிறவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறீர்கள். கட்சிப் பேச்சை விட்டுவிட்டுக் கணக்கோடு சொல்லுங்கள். அந்த வரி சரியா தப்பா என்று உங்கள் கருத்தையும் சொல்லலாம்.

கப்பலூர்க்காரன்

தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போது அமெரிக்க வரி என்று யாரும் ஒரு பைசா பிடிப்பதில்லை. சரக்கு அங்கே இறங்கியதும் ‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்டு’ (காகிதத்தில் இறக்குமதியாளர், பெரும்பாலும் அங்கே வாங்கும் பையர்) என்று யார் பெயர் இருக்கிறதோ, அவரிடம்தான் அமெரிக்க சுங்கம் வாங்கும். சட்டப்படி பதில் அவ்வளவுதான். வியாபாரப்படி பார்த்தால் வேறு.

காட்டன் டெர்ரி டவல் 10,000 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரி 9.1 சதவீதம். 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 ஏறியது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக 59.1 சதவீதம், 5,910 டாலர். இது போக சரக்கு நடைமுறைக் கட்டணம் 0.3464 சதவீதம், கடல்வழி என்றால் துறைமுகப் பராமரிப்புக்கு 0.125 சதவீதம். அது சில்லறை.

பையர் சும்மா இருப்பாரா? ‘பத்து சதவீதம் குறைங்க’ என்பார். குறைத்தால் இன்வாய்ஸ் 9,000, வரி 5,319, அவருக்கு அடக்கம் 14,319. வரி ஏறும் முன் அதே சரக்கு அவருக்கு 10,910க்குக் கிடைத்தது. அதாவது நாம் ஆயிரம் விட்டுக்கொடுத்தும் அவர் தலையில் 3,409 டாலர் கூடுதல். டீக்கடையில் இரண்டு தரப்பும் பாதி சரி.

சிக்கல் வரும் இடங்கள்: தள்ளுபடியை சரக்கு போன பிறகு கிரெடிட் நோட்டாகக் கொடுத்தால் வரி குறையாது, ஏற்றுமுன் இன்வாய்ஸிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவில் வரி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரைக்குமான) மதிப்பின் மேல்தான். சி அண்ட் எஃப் (கப்பல் வாடகையும் சேர்த்த) விலை போடுகிறவர்கள் வாடகையைத் தனியாகக் காட்டாவிட்டால் வாடகைக்கும் சேர்த்து வரி விழும். டிடிபி (வரியும் கட்டி சரக்கைச் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு) என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மொத்த வரியும் நம் தலையில்.

சுங்குடிக்கடை

பார்சல் கதையே வேறு. 800 டாலருக்குள் வரி இல்லை என்ற சலுகை ஆகஸ்ட் 29ல் போய்விட்டது. ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி வைத்திருந்த அஞ்சல் அக்டோபர் 15ல் திரும்ப ஆரம்பித்தது. 2025 நவம்பர் நிலவரப்படி அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தை அஞ்சலகத்தில் இங்கேயே முன்கூட்டி வாங்கிவிடுகிறார்கள். 3,000 ரூபாய் சேலைக்கு 1,500. ஆக இங்கே கவுண்டரில் கட்டுவது நாம்தான், வாங்குகிறவரிடம் முதலிலேயே வசூலித்துக்கொள்ளுங்கள். கூரியரில் இந்த 50க்கு மேல் துணிக்கான பழைய வரியும் சேரும், அதனால் ஒன்றிரண்டு சேலைக்கு அஞ்சலே மேல். 100 டாலர் வரை பரிசுக்கு விலக்கு உண்டு என்று விற்ற சேலைக்கு ‘கிஃப்ட்’ என்று எழுதாதீர்கள், மாட்டினால் பார்சலும் போகும் பேரும் போகும்.

மேலமாசி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், அடிக்க வராதீங்க. வரி போடுவதே பாவம் என்றால் நாமும் யோக்கியம் இல்லை. அமெரிக்க பர்பன் விஸ்கிக்கு 150 சதவீதம் போட்டு வைத்திருந்தோம், 2025 பிப்ரவரியில்தான் 100 ஆனது. தன் நாட்டில் ஆலை ஓடணும் என்று ஒருத்தர் நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் கணக்குப் போட்ட விதம் மோசம். 2025 ஏப்ரல் 2ல் இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார்களே, அது நாம் போடும் வரியைப் பார்த்துப் போட்டதில்லை. 2024ல் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இருந்த சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை 45.7 பில்லியன் டாலர். அதை இந்தியாவிலிருந்து அங்கே போன இறக்குமதி 87.4 பில்லியனால் வகுத்தால் 52 சதவீதம். அதில் பாதி 26. இதற்குப் பெயர் ‘பதிலுக்குப் பதில்’ வரியாம்! அங்கே ஆலை வளரும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, விலைதான் ஏறும். 2018ல் வாஷிங் மெஷினுக்கு மட்டும் வரி போட்டார்கள். ஜோடியாக விற்கும் டிரையருக்கு வரியே இல்லை, அதன் விலையும் சேர்ந்து ஏறியது.

வைகைக்கரை

அமெரிக்க கோர்ட்டில் வரியை ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்ப வருமா? விலை குறைத்துக் கொடுத்த நம்ம ஆட்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கப்பலூர்க்காரன்

இந்த 50க்கும் அடிப்படை அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நெருக்கடிநிலைச் சட்டம். வரி போடும் அதிகாரம் அவர்கள் அரசியல் சாசனத்தில் அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு. அதைப் பிடித்துத்தான் கீழே இரண்டு கோர்ட்டிலும் அரசு தோற்றது. அங்கே சுப்ரீம் கோர்ட்டில் 2025 நவம்பர் 5ல் வாதம் நடந்தது. என் கருத்தில் அரசு பக்கம் வாதம் பலவீனம்தான்.

ரீஃபண்ட் வந்தாலும் ‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்டு’ பெயருக்குத்தான் போகும். நாம் விட்ட ஆயிரம் டாலர் அங்கே கட்டிய வரிக் கணக்கில் இல்லை. அதனால் புது ஆர்டரிலேயே ‘கூடுதல் வரிக்காக விலை குறைக்கப்பட்டது, வரி திரும்பக் கிடைத்தால் குறைத்த தொகை விற்பவருக்கு’ என்று ஒரு வாசகம் எழுதி வாங்குங்கள். எந்த ஷிப்மெண்ட், அங்கே என்ட்ரி நம்பர் (சுங்கப் பதிவு எண்) என்ன என்று பையரிடம் கேட்டு வையுங்கள். சாதாரணமாக 314 நாள் வாக்கில் சுங்கம் அந்தக் கணக்கை முடித்துவிடும், அதிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபணை போட வேண்டியதும் பையர்தான். அவர் தூங்கினால் நாம்தான் எழுப்பணும்.