டர்பனிலிருந்து டிஸ்னி டைம்ஷேர்: பாயிண்ட் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

டர்பன்_செல்வி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டிராக்கன்ஸ்பர்க் பக்கம் எங்களுக்கு ஒரு டைம்ஷேர் வாரம் (ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை) இருக்கிறது. வருஷா வருஷம் லெவி (பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறோம். போக முடியாத வருஷம் அதை ஆர்சிஐ என்ற டைம்ஷேர் பரிமாற்ற நிறுவனத்தில் போட்டுவிட்டு வேறு இடம் எடுத்துக்கொள்வோம். இப்போது ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. மொத்தம் ஆறு பேர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர் (15, 11, 6), முட்டிவலி உள்ள மாமியார். டிசம்பர் – ஜனவரி பள்ளி விடுமுறையில்தான் முடியும். ஒரு தடவையோடு விடாமல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போக எண்ணம்.

எங்கள் வாரத்தைக் கொடுத்து டிஸ்னியின் சொந்த டைம்ஷேர் ரிசார்ட்டில் தங்க முடியுமா? முடியாதென்றால், டிஸ்னியின் அந்த டைம்ஷேரான டிஸ்னி வெகேஷன் கிளப்பின் பாயிண்டை ரீசேலில் (ஏற்கெனவே வைத்திருக்கும் உறுப்பினரிடமிருந்து) வாங்குவது தென்னாப்பிரிக்காவிலிருந்து நடக்கிற காரியமா? பண்டிகைக் காலத்தில் நிஜமாகவே ரூம் கிடைக்குமா?

மிட்ராண்ட்_முருகு:

வணக்கம் செல்வி. முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. டிஸ்னி வெகேஷன் கிளப் 2021 முடியும்வரை ஆர்சிஐயோடு இருந்தது. 2022 முதல் இன்டர்வல் இன்டர்நேஷனல் என்ற இன்னொரு பரிமாற்ற நிறுவனத்துக்கு மாறிவிட்டது. உங்கள் ரிசார்ட் ஆர்சிஐ என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று. பழைய பதிவுகளைப் பார்த்து யாராவது "ஸ்பேஸ்பேங்க் பண்ணினால் (வாரத்தை ஆர்சிஐயிடம் ஒப்படைத்தால்) கிடைக்கும்" என்றால் நம்பாதீர்கள். அந்த வாரத்தை வைத்து டிஸ்னிக்கு வெளியே, பக்கத்திலேயே இருக்கும் ஆர்சிஐ ரிசார்ட்டுகளைத் தேடலாம். விண்டம் பானெட் கிரீக், ஆரஞ்ச் லேக் இரண்டும் பெரியவை. இரண்டு பெட்ரூம், முழுச் சமையலறையோடு வரும். கார் மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

இனி பாயிண்ட் கதை. நம் ஊர் டைம்ஷேரில் "என் வாரம் இது" என்போம். டிஸ்னியில் வாரம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட ரிசார்ட்டில் பத்திரம் பதிந்து ஒரு பங்கு வாங்குகிறீர்கள், அதற்கு ஆண்டுக்கு இத்தனை பாயிண்ட் என்று வரும். அந்த ரிசார்ட்தான் உங்கள் "ஹோம் ரிசார்ட்". அதில் மட்டும் செக்-இன் நாளுக்கு 11 மாதம் முன்பே புக் பண்ணலாம். மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம்தான். பண்டிகைக் காலத்தில் அந்த நாலு மாத இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு 7 மாதத்தில் வந்து தேடுகிறவருக்கு ஸ்டூடியோ (ஒரே அறை உள்ள ரூம்) கிடைப்பது அபூர்வம். ஆக, எங்கே தங்க ஆசையோ அங்கேயே வாங்குங்கள். விலை குறைவு என்று ஓர் இடத்தில் வாங்கிவிட்டு வேறிடத்தில் தங்கும் திட்டம் டிசம்பருக்கு உதவாது.

பத்திரத்துக்கு முடிவு ஆண்டும் உண்டு. பீச் கிளப், போர்ட்வாக் 2042-ல் முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் 2057, பே லேக் டவர் 2060, பாலினீசியன் 2066. முடிந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது. 2042 ரிசார்ட் மலிவாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான்.

ரீசேலில் ஒரு தடை இருக்கிறது. 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கிய பழைய 14 ரிசார்ட்டுகளின் பாயிண்டால் புதிய ரிசார்ட்டுகளான ரிவியேராவிலோ டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாவிலோ தங்க முடியாது. ரிவியேராவையே ரீசேலில் வாங்கினால் அங்கே மட்டும்தான் தங்கலாம். உங்களுக்கு இது பெரிய இழப்பில்லை.

புக்கிங் ஆன்லைனில் ஃப்ளோரிடா நேரம் காலை 8-க்குத் திறக்கும், நமக்கு மதியம் 2 மணி.

டோங்காட்_பிள்ளை:

முருகு சொன்னது சரி, நேரத்தைத் தவிர. மதியம் 2 என்பது பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் நமக்கு 2 மணி, மற்ற மாதங்களில் 3 மணி.

செல்வியின் கணக்குக்கு இது நேரே வந்து நிற்கும். செக்-இன் டிசம்பர் 14 என்றால் ஹோம் ரிசார்ட் ஜன்னல் (புக்கிங் தொடங்கும் நாள்) ஜனவரி 14-ல் திறக்கும், அப்போது 3 மணி. அதே நாளுக்கான 7 மாத ஜன்னல் மே 14, அப்போது 2 மணி. ஜனவரியில் 2 மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். மே மாதம் 3 மணிக்கு வந்தால் ரூம் போயிருக்கும். செக்-இன் நாளிலிருந்து 7 இரவு வரை ஒரே தடவையில் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்தடுத்த நாள் ஒவ்வோர் இரவாகச் சேர்க்க வேண்டும்.

ரீசேல் பட்டியலில் விலையை மட்டும் பார்க்கிறார்கள், "யூஸ் இயர்" மாதத்தைப் பார்ப்பதில்லை. பாயிண்ட் எல்லோருக்கும் ஜனவரியில் விழாது. ஒப்பந்தத்தில் உள்ள மாதத்தின் முதல் தேதி விழும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று எட்டு மாதங்கள்தான் உண்டு. பயன்படுத்தாத பாயிண்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதற்குப் பேங்கிங் என்று பெயர். அதை யூஸ் இயர் தொடங்கி 8 மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

பிப்ரவரி யூஸ் இயர் என்று வையுங்கள். பேங்கிங் கெடு செப்டம்பர் 30, பாயிண்ட் காலாவதியாவது ஜனவரி 31. டிசம்பர் பயணத்தை உடம்பு சரியில்லை என்று அக்டோபரில் ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வரும், ஆனால் தள்ள முடியாது. ஜனவரிக்குள் யாராவது போய்த் தங்கினால்தான் உண்டு. ஆகஸ்ட் யூஸ் இயர் என்றால் கெடு மார்ச் 31. அதே ரத்துக்குப் பிறகும் பாயிண்ட் பத்திரமாக அடுத்த ஆண்டுக்குப் போகும். டிசம்பர் – ஜனவரியில் மட்டும் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் நான்கும் நல்லவை. பிப்ரவரி, மார்ச் இரண்டையும் நான் தொடச் சொல்லமாட்டேன்.

ரத்து செய்வதிலும் எல்லை உண்டு. செக்-இன்னுக்கு 31 நாளோ அதற்கு முன்போ ரத்து செய்தால் பாயிண்ட் சுத்தமாகத் திரும்பும். 30 நாளுக்குள் போனால் "ஹோல்டிங்" கணக்கில் விழும். அதைப் பேங்க் செய்ய முடியாது. 60 நாளுக்குள் வருகிற தங்கலுக்கு மட்டும் பயன்படும். டிக்கெட் எடுத்து விசா வைத்துப் போகவேண்டிய நமக்கு அது செத்த பாயிண்ட்.

டர்பன்_செல்வி:

முருகு அண்ணா, பிள்ளை ஐயா, நன்றி. 3 மணி விஷயம் யாரும் சொன்னதில்லை. ஆறு பேருக்கு இரண்டு ஸ்டூடியோ போட்டால் போதுமா? மாமியார் சைவம், புரட்டாசி என்றில்லை, எப்போதுமே. சமைக்க வேண்டியிருக்கும். இங்கிருந்து பணம் அனுப்புவது, பத்திரம் பதிவது எப்படி என்றும் யாராவது சொன்னால் நல்லது.

பிரிட்டோரியா_வள்ளி:

செல்வி, சமையல் என்றால் ஸ்டூடியோவை மறந்துவிடும்மா. அதில் மைக்ரோவேவ், சின்ன ஃப்ரிட்ஜ், டோஸ்டர், காபி மெஷின், ஒரு சிங்க், அவ்வளவுதான். அடுப்பு கிடையாது. ஒரு பெட்ரூமிலிருந்துதான் முழு அடுப்பு, பெரிய ஃப்ரிட்ஜ், பாத்திரம், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் வரும். ஆறு பேருக்கு இரண்டு பெட்ரூம் சரியாக இருக்கும். எட்டு பேர் தங்கலாம், சில ரிசார்ட்டில் ஒன்பது. பாயிண்ட் கணக்கில் இரண்டு ஸ்டூடியோ சாதாரணமாகக் குறைவாக வரும். ஆனால் அடுத்தடுத்த ரூம் என்று உறுதி தரமாட்டார்கள், வேண்டுகோளாகக் குறித்துக்கொள்வார்கள். பாட்டி ஒரு மாடியில், பிள்ளைகள் இன்னொரு மாடியில் என்று ஆகலாம்.

"லாக்-ஆஃப்" என்று பார்த்தால், ஸ்டூடியோவும் ஒரு பெட்ரூமும் நடுவில் கதவோடு சேர்ந்தது. பாட்டிக்குத் தனிக் கதவு, தனிக் குளியலறை. உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

முட்டிவலி என்றால் ஓல்ட் கீ வெஸ்டில் கவனம். ரூம்கள் பெரியவை, பாயிண்டும் குறைவு, ஆனால் 62, 63, 64 எண் கட்டடங்களில் மட்டும்தான் லிஃப்ட். மற்றவற்றில் மாடி விழுந்தால் படிதான். தரைத்தளம் அல்லது லிஃப்ட் கட்டடம் என்று வேண்டுகோள் போடலாம். அனிமல் கிங்டமில் லிஃப்ட் உண்டு, அதன் கிதானி என்ற பகுதியில் சானா என்ற உணவகத்தில் 'நான்' ரொட்டியும் சட்னி வகைகளும் பெரிய தட்டில் வரும், சைவத்துக்குக் கவலையில்லை. ஆனால் அங்கிருந்து எல்லாப் பார்க்குக்கும் பஸ்தான், மற்ற ரிசார்ட்டுகளை விடத் தூரமும் அதிகம். ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி தெரிகிற ரூமுக்குப் பாயிண்ட் கூடுதல். ஹ்லுஹ்லுவே வனவிலங்குச் சரணாலயம் நமக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதற்காக நாம் ஏன் பாயிண்டைக் கொட்டவேண்டும், சாதா வியூ போதும்.

சாமான்: டர்பன் மசாலாத் தூளை மூடி உடைக்காத பாக்கெட்டில் கொண்டுபோகலாம், சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்று பிடுங்கிப் போடுவார்கள், காய்ந்ததும்தான். இங்கத்தி ரைஸ் குக்கரும் வேண்டாம். அங்கே 120 வோல்ட், நம்முடையது 230. பிளக் மாற்றிப் போட்டாலும் சோறு வேகாது.

மிட்ராண்ட்_முருகு:

பணமும் பத்திரமும். ரீசேலில் நடக்கும் வரிசை இது: விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து, முன்பணம் பத்திர வேலை பார்க்கும் டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோ கணக்குக்கு (பேரம் முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கு). பிறகு ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. ரொம்ப மலிவாகப் பேசினால் அவர்களே தூக்கிக்கொள்வார்கள், முன்பணம் உங்களுக்குத் திரும்பும். விட்டுக்கொடுத்தால் மீதிப் பணம், விற்பவரின் கையெழுத்து, ஃப்ளோரிடா ரிசார்ட் என்றால் அந்தந்தக் கவுண்டியில் (டிஸ்னி வேர்ல்டுக்கு ஆரஞ்ச் கவுண்டி) பத்திரப் பதிவு. கடைசியாக டிஸ்னி உறுப்பினர் எண் தரும். எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் வையுங்கள். அதனால் ஜனவரி ஜன்னலுக்கு நவம்பரில் வாங்க ஆரம்பித்தால் தாமதம்.

டாலரை உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவு வழியாக, ஆண்டு தனிநபர் அனுமதித் தொகைக்குள் அனுப்பலாம். கணவர் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று என்று தனித்தனி. எஸ்க்ரோ கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வந்தபடி நம்பாமல், நீங்களே தேடி எடுத்த எண்ணில் கூப்பிட்டுச் சரிபாருங்கள். நடுவில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி இந்தத் தொழிலில் சகஜம், போன பணம் திரும்பாது.

பட்டியலில் பார்க்கவேண்டியது: இந்த ஆண்டுப் பாயிண்ட் மிச்சம் இருக்கிறதா, அடுத்த ஆண்டுப் பாயிண்டை ஏற்கெனவே கடன் வாங்கித் தின்றுவிட்டார்களா, இந்த ஆண்டு பராமரிப்புக் கட்டணம் யார் தலையில். பாயிண்ட் துடைத்தெடுத்த ஒப்பந்தம் என்றால் விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

விற்பவர் அமெரிக்கர் அல்லாதவர் என்றால் விற்பனைத் தொகையில் 15 சதவீதம் அமெரிக்க வரித்துறைக்குப் பிடிக்கவேண்டும். பிடிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. நாளை நீங்கள் விற்கும்போதும் அதே 15 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், அதிகப்படியைத் திரும்பப் பெற அங்கே வரி எண் எடுத்து ரிட்டர்ன் போடவேண்டும். பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும், ஒருவருக்குப் பின் மற்றவருக்கு என்ற வாசகத்தோடு போடுங்கள். இல்லையென்றால் இங்கே எழுதிய உயில் ஃப்ளோரிடா நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

டோங்காட்_பிள்ளை:

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்றதால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 100 பாயிண்ட் ஒப்பந்தம், 28 ஆண்டு மிச்சம், பாயிண்டுக்கு 100 டாலர், பராமரிப்பு பாயிண்டுக்கு ஆண்டுக்கு 9 டாலர். முதல் ஆண்டுப் பாயிண்டைப் பேங்க் செய்து, இரண்டாம் ஆண்டுப் பாயிண்டோடு சேர்த்து, மூன்றாம் ஆண்டினுடையதைக் கடனாக இழுத்தால் கையில் 300. பயணம் இரண்டாம் ஆண்டில்தான் நடக்கவேண்டும். பேங்க் செய்ததை மறுபடி பேங்க் செய்ய முடியாது, கடன் இழுத்ததைத் திருப்பிவைக்கவும் முடியாது. செலவு: பராமரிப்பு 2,700, வாங்கிய விலையில் மூன்று ஆண்டுப் பங்கு சுமார் 1,070, ஆக 3,770 டாலர். அதே 300 பாயிண்டை ஓர் உறுப்பினரிடம் பாயிண்ட் 21 டாலர் என்று வாடகைக்கு எடுத்தால் 6,300.

பார்க்க வாங்குவதே லாபம். ஆனால் ஒரு சுற்று தவறினால் அந்த லாபம் போய்விடும். பராமரிப்பு ஆண்டுதோறும் ஏறும், டாலரில் வரும், நீங்கள் போகாத வருஷமும் கட்டவேண்டும். கட்டாவிட்டால் புக்கிங் முடங்கும். ராண்ட் சரிகிற வருஷத்தில் உங்கள் டிராக்கன்ஸ்பர்க் லெவி இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எனவே முதல் தடவை வாடகைக்கு எடுங்கள் என்பேன். பிடித்திருந்தால் அப்புறம் வாங்கலாம்.

வாடகையில் புக்கிங் உறுப்பினர் பெயரில் நடக்கும், தங்குபவர்களாக உங்கள் பெயர்கள் இருக்கும். நீங்களாக எதையும் மாற்ற முடியாது, ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது. அதனால் ஆறு பேரின் அமெரிக்க விசாவும் கையில் வந்த பிறகுதான் பணம். 11 மாதம் முன்பே பேசவேண்டும் என்பதால் விசா வேலையை அதற்கும் முன்பே தொடங்குங்கள். பாயிண்ட் ரூமுக்கு மட்டும்தான், பார்க் டிக்கெட் ஆறு பேருக்கும் தனி.

தேதியைப் பற்றி ஒன்று. டிசம்பர் 24 முதல் 31 வரைதான் பாயிண்ட் உச்சம். நம் பள்ளிகள் ஜனவரி நடுவில்தான் திறக்கின்றன, அமெரிக்கப் பிள்ளைகள் புத்தாண்டு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். ஜனவரி 3 செக்-இன் வைத்தால் பாயிண்ட் கணிசமாகக் குறையும். அதற்கான ஹோம் ரிசார்ட் ஜன்னல் பிப்ரவரி 3, மதியம் 3 மணி. ஜனவரி முதல் பாதியில் டிஸ்னி மாரத்தான் வார இறுதி ஒன்று வரும், அந்த நாலு நாளில் ரூம் இறுகும், அதை மட்டும் தவிர்த்து நாள் பாருங்கள்.

டர்பன்_செல்வி:

ஜனவரி 3 நாங்கள் யோசிக்காத தேதி. ஐயா சொன்னபடி முதல் தடவை வாடகைதான். அனிமல் கிங்டம் அல்லது சரடோகா, இரண்டு பெட்ரூம் லாக்-ஆஃப், சாதா வியூ என்று கேட்கிறேன். வள்ளி அக்கா, கறிவேப்பிலைக்குப் பதிலாக அங்கே என்ன செய்வது?

பிரிட்டோரியா_வள்ளி:

ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு, செல்வி. ரிசார்ட்டுக்கே கொண்டுவந்து தரும் மளிகை டெலிவரியும் இருக்கிறது. பெல் சர்வீஸில் (ரிசார்ட்டில் சாமான் வாங்கி வைக்கும் இடம்) வைத்திருப்பார்கள், ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடு.